விளக்கும் ஆடுகளும்: ஓர் ஓவியருக்கென ஓர் அருங்காட்சியகம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1862ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு, பாரிஸில் முப்பத்தாறு வயது ஓவியர் ஒருவர் தம் கோட்டோவியம் ஒன்றின் அடியில் ஒரு குறிப்பு எழுதினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருடைய தந்தை இறந்திருந்தார். தம்முடைய சாவைப் பற்றியும், தாம் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருக்கும் சிறு சிறு வேலைகளின் கதியைப் பற்றியும் அன்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். தனித்தனியே பிரிந்துபோனால் இவை அழிந்துவிடும். ஒன்றாக இருந்தால் தாம் எப்படிப்பட்ட கலைஞர், எந்த உலகத்தில் கனவு கண்டு வாழ்ந்தவர் என்பது ஓரளவுக்கேனும் விளங்கும் என்பது அக்குறிப்பின் சாரம். எழுதியவர் குஸ்தாவ் மோரோ. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ‘ஓடிபஸும் ஸ்பிங்ஸும்’ என்ற ஓவியம் அரசுக் கண்காட்சிக்கு வந்தது 1864இல்தான். பெயர் வருவதற்கு முன்பே, தம் வேலை சிதறிப்போகும் என்ற அச்சம் அவருக்கு வந்துவிட்டது.

பெரிய அருங்காட்சியகங்கள் ஓர் ஓவியரிடமிருந்து அவருடைய வெற்றிகளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அது அவற்றின் இயல்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. இடம் குறைவு, உலகம் பெரிது. மோரோவின் ‘ஓடிபஸ்’ இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ‘ஆர்ஃபியஸ்’ பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு வருகிறவர் மோரோவைப் பார்த்துவிட்டதாக நினைப்பார். உண்மையில் அவர் பார்த்தது இரண்டு முடிவுகளை. அந்த முடிவுகளுக்கு வந்து சேர்ந்த வழியை அங்கே காண முடியாது. ஒருவருக்கென்றே ஒதுக்கிய சின்ன அருங்காட்சியகத்தில்தான் அந்த வழி முழுக்கத் திறந்து கிடக்கும். அப்படிப்பட்ட இரண்டு இடங்களைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவற்றை உண்டாக்கிய ஓவியர்களின் பெயர் வாசலிலேயே எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பின் நின்று காத்தவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. என் பேச்சு பெரிதும் அவர்களைப் பற்றியது.

முதலில் மோரோவின் வீடு. பாரிஸின் ஒன்பதாம் வட்டாரத்தில், ரோஷ்ஃபூக்கோ தெரு, 14ஆம் எண். 1852இல் பெற்றோர் வாங்கிய வீடு அது. தந்தை கட்டடக் கலைஞர். மோரோ சாகும்வரை அங்கேதான் வாழ்ந்தார். தாய்க்கு வயதான காலத்தில் காது கேட்காமல் போயிற்று. மகன் தம் ஓவியங்களின் பொருளைத் தாளில் எழுதி அவருக்கு விளக்குவார். அந்தக் குறிப்புகளில் பல இன்றும் இருக்கின்றன. ஓவியத்தைப் பற்றி வெளியே பேச அவ்வளவாக விரும்பாத ஒருவர், தாய்க்காக எழுதிய விளக்கங்கள்தாம் இன்று ஆய்வாளர்களுக்குத் துணை.

1895இல், அறுபத்தொன்பது வயதில், அவர் அந்த வீட்டைக் கொத்தனார்களிடம் ஒப்படைத்தார். ஆல்பெர் லாஃபோன் என்ற கட்டடக் கலைஞர், மேலே இரண்டு தளங்களில் உயர்ந்த பெரிய கூடங்களை எழுப்பினார். அவ்விரண்டு தளங்களையும் இணைக்கும் சுழல் இரும்புப் படிக்கட்டு இன்று பாரிஸிலேயே அதிகம் படமெடுக்கப்படும் படிக்கட்டுகளில் ஒன்று. முதல் தளத்துக் குடியிருப்பை மோரோ குடும்பத்தின் நினைவிடமாக்கினார். தாய் தந்தையின் சாமான்களும் படங்களும் அந்தச் சிறிய அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

அந்தக் கூடங்களில் என்னை மிகவும் ஈர்ப்பது பெரிய ஓவியங்கள் அல்ல. சுவரோரம் மர அலமாரிகள் இருக்கின்றன. அவற்றின் கதவைத் திறந்தால், கீல் போட்ட சட்டங்கள் புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்புகின்றன. ஒவ்வொரு சட்டத்திலும் கோட்டோவியங்கள். ஒரு கை, ஒரு குதிரையின் கழுத்து, ஒரு கிரீடத்தின் வேலைப்பாடு, அதே கை மறுபடியும், சற்றே திரும்பி. மொத்தச் சேகரிப்பில் வரைபடங்களும் படியெடுப்புகளும் மட்டும் பதின்மூவாயிரம் அளவில் இருக்கின்றன. பார்வையாளர் கையால் திருப்பிப் பார்க்கலாம். ஜன்னல் வெளிச்சத்தில் நேராகப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கோட்டோவியத்தைப் பொதுமக்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஓவியர் தாமே யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவனை மனத்தில் வைத்துச் செய்த வேலை அது. அவர் 1892இலிருந்து அரசு நுண்கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். மத்தீஸ், மார்க்கே, ருவோ மூவரும் அவரிடம் படித்தவர்கள். பின்னாளில் மூவரில் ஒருவர்கூட அவரைப்போல வரையவில்லை. அதைவிடப் பெரிய சான்று ஓர் ஆசிரியருக்கு வேண்டியதில்லை.

முடிக்காத ஓவியங்கள் அந்த வீட்டின் பெரும் செல்வம். ஒடிசியஸ் தன் மனைவியைச் சூழ்ந்தவர்களைக் கொன்று குவிக்கும் காட்சியை மோரோ 1852இல் தொடங்கினார். பின்னர் கித்தான் போதவில்லை என்று துண்டுகளை ஒட்டிப் பெரிதாக்கினார். கடைசிவரை முடிக்கவில்லை. ‘பச்சை குத்திய சலோமி’ என்று அழைக்கப்படும் ஓவியத்தைப் பாருங்கள். வண்ணம் பாதியில் நிற்கிறது. அதன்மேல் மெல்லிய கோடுகளால் நகை, தாமரை, விழிகள் என்று உடல் முழுக்க வேலைப்பாடு படர்கிறது. கோடு வண்ணத்துக்குக் கட்டுப்படாமல் தனியே நடக்கிறது. ‘தோற்றம்’ என்ற ஓவியத்தின் நீர்வண்ண வடிவம் 1876இல் காட்சிக்கு வந்து பாரிஸையே பேசவைத்தது. சலோமியின் எதிரே அந்தரத்தில் யோவானின் வெட்டிய தலை மிதக்கும் காட்சி அது. நீர்வண்ணத்தில் எல்லாம் முடிந்து மெருகேறியிருக்கும். வீட்டிலுள்ள எண்ணெய் வண்ண வடிவத்திலோ, பின்புலத்துத் தூண்களின்மேல் வாழ்வின் பிற்பகுதியில் இழைத்த வெள்ளைக் கோடுகள் வலைபோலக் கிடக்கின்றன. விற்றிருந்தால், வாங்கியவர் முடித்துத்தரச் சொல்லியிருப்பார். முடித்திருந்தால் அந்தக் கோடுகள் மறைந்திருக்கும்.

நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டிய ஓவியமும் அங்கே ஒன்று உண்டு: ‘பேரரசன் அலெக்சாந்தரின் வெற்றி’. இந்திய மன்னன் போரஸை வென்ற அலெக்சாந்தர் உயர்ந்த அரியணையில் வீற்றிருக்க, பின்னே மலையும் மலையைக் குடைந்தாற்போன்ற கோயில்களும் அடுக்கடுக்காக எழுகின்றன. மோரோ இந்தியாவுக்கு வந்ததே இல்லை. முகலாயச் சிற்றோவியங்களைப் படியெடுத்தும், அச்சுப் படங்களைப் பார்த்தும் ஓர் இந்தியாவைத் தம் கூடத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டார். அது நம் இந்தியா இல்லைதான். ஆனால் அந்தக் கற்பனை எதிலிருந்து பிறந்தது என்பதற்கான படிகளும் அதே வீட்டில் இருப்பதால், ஒரு கலைஞனின் மனத்தில் தூரதேசம் எப்படி உருவாகிறது என்று அங்கேயே ஆராயலாம்.

மோரோ 1898 ஏப்ரல் 18இல் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய உயிலில் வீட்டையும் அதிலுள்ள வேலைகள் அனைத்தையும் அரசுக்கு விட்டிருந்தார். தொகுப்பு முழுமையாக, அதன் தன்மை மாறாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எப்போதும், இல்லையென்றால் இயன்ற காலம்வரையாவது என்று அதை வரையறுத்தும் இருந்தார். ‘இயன்ற காலம்வரையாவது’ என்று இறங்கிவந்த அந்த மனிதரை நான் மிகவும் மதிக்கிறேன்.

அரசு உடனே கைநீட்டி வாங்கிக்கொள்ளவில்லை. ஓர் ஓவியரின் முடியாத படங்களும் பழைய வீடும் யாருக்கு வேண்டும்? பராமரிப்புச் செலவு யார் தருவது? இங்கேதான் ஆன்ரி ரூப் வருகிறார். மோரோவிடம் படித்தவர், பிறகு நண்பர், செயலாளர்போல உடனிருந்தவர். மோரோ தம் செல்வத்தை அவருக்கே விட்டிருந்தார். ரூப் நினைத்திருந்தால் அதை வைத்துக்கொண்டு வசதியாக வாழ்ந்திருக்கலாம். யாரும் தவறு சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ தமக்கு வந்த பங்கை அருங்காட்சியகத்தின் செலவுக்கென்று விட்டுக்கொடுத்தார். 1902இல் அரசு இசைந்தது. 1903 ஜனவரியில் கதவு திறந்தது. பட்டியலிடும் வேலையிலும் கீழ்த்தள அறைகளை ஒழுங்குபடுத்தும் வேலையிலும் அவர் கை இருந்தது. முதல் காப்பாளராக வந்தவர் மாணவர் ஜார்ஜ் ருவோ, பின்னாளில் தாமே பெரும் ஓவியர் ஆனவர். அதே 1903இல் லெயோபோல்ட் கோல்ட்ஷ்மிட் என்ற சேகரிப்பாளர், மோரோ தமக்கு வரைந்து தந்த ‘ஜூப்பிட்டரும் செமெலேயும்’ என்ற பேரோவியத்தை வீட்டுக்கே திருப்பிக் கொடுத்தார். விலை கொடுத்து வாங்கியதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தவர் அவர். இன்று அந்த வீட்டில் பெரும்பாலோர் தேடிப்போய்ப் பார்ப்பது அந்த ஓவியத்தைத்தான்.

எதிர்க்குரலும் அப்போதே எழுந்தது. எழுப்பியவர் சாதாரணமானவர் அல்லர்: ஓவியர் எட்கர் தெகா. இளமையில் இத்தாலியில் மோரோவுடன் நட்பாக இருந்தவர். தமக்கும் ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. மோரோவின் வீட்டைப் பார்த்த பிறகு அந்த எண்ணத்தையே கைவிட்டார். கல்லறைக்குள் நுழைந்ததுபோல் அவருக்கு இருந்ததாம். இதை ஒதுக்கித்தள்ள முடியாது. ஒரே ஒருவரின் மூச்சு நிறைந்த கூடத்தில் நெடுநேரம் நின்றால் திணறல் வரும். அக்கம்பக்கத்தில் இன்னொருவரின் ஓவியம் இல்லாததால், இவர் எதில் உயர்ந்தவர், எதில் தேங்கிவிட்டார் என்று ஒப்பிட வழியில்லை. தெகா சொன்னது அவருக்குச் சரி. ஆனால் அதே வீட்டுக்குப் பதினாறு வயதில் நுழைந்த ஆந்த்ரே பிரெத்தோன், அழகைப் பற்றியும் காதலைப் பற்றியும் தம் எண்ணம் அங்கேதான் உருவாயிற்று என்று பின்னாளில் எழுதினார். பிரெத்தோன்தான் சர்ரியலிசத்தின் தலைவராக ஆனவர். கதவு திறந்திருந்ததால்தான் இருவருக்கும் இரு முடிவுகள் கிடைத்தன.

இரண்டாவது இடம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. அதற்குரிய ஓவியர் கிளிஃபோர்ட் ஸ்டில், 1904இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் பிறந்தவர். கனடாவின் ஆல்பர்ட்டா புல்வெளியில் குடும்பத்தின் கோதுமைப் பண்ணையில் உழைத்து வளர்ந்தவர். ரோத்கோ, பொல்லாக் ஆகிய ஓவியர்களின் தலைமுறை. 1946இல் அவருடைய கண்காட்சிக்கு முன்னுரை எழுதியவரே ரோத்கோதான். ஆனால் 1951இல் ஸ்டில் வணிகக் கலைக்கூடங்களோடு இருந்த தொடர்பை முறித்துக்கொண்டார். 1961இல் நியூயார்க்கையும் விட்டு மேரிலாந்தின் நாட்டுப்புறத்துக்குப் போய்விட்டார். வரைந்தவற்றுள் மிகச் சிலவே விலைக்குப் போயின. பஃபலோ நகரத்து அருங்காட்சியகத்துக்கு 31 ஓவியங்களும், சான் பிரான்சிஸ்கோவுக்கு 28 ஓவியங்களும் கொடையாகப் போயின. மற்றவை அவரிடமே இருந்தன. அவர் வாழ்நாளில் செய்ததில் நூற்றுக்கு ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு பங்கு.

1980இல் அவர் இறந்தபோது இருந்த உயில் மிகச் சுருக்கமானது. ஏதாவது ஓர் அமெரிக்க நகரத்துக்கு இவை முழுவதும் உரியவை. அந்த நகரம் இவற்றுக்கென்றே தனி இடம் கட்டித் தர வேண்டும். எதையும் விற்கக்கூடாது, கொடுக்கக்கூடாது, மாற்றிக்கொள்ளக்கூடாது. எந்த நகரம் என்று சொல்லவில்லை. செலவுக்குப் பணமும் வைக்கவில்லை.

அவர் மனைவி பாட்ரீசியா ஸ்டில் அந்த உயிலோடு கால்நூற்றாண்டு வாழ்ந்தார். எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கித்தான் ஓவியங்களையும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாள் வேலைகளையும் காத்துவந்தார். பல ஓவியங்கள் சுருட்டிய நிலையிலேயே இருந்தன. பல நகரங்கள் அணுகின; நிபந்தனை பொருந்தவில்லை, அல்லது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. 2004இல் டென்வர் நகரத்துக்கு இசைவு தந்தார். அடுத்த ஆண்டே காலமானார். அருங்காட்சியகம் திறந்தது 2011 நவம்பர் 18ஆம் நாள். ஓவியர் இறந்து முப்பத்தோர் ஆண்டுகள். சில கித்தான்கள் அன்றுதான் முதன்முதலாகப் பொதுமக்கள் கண்ணில் பட்டன.

திறப்பு விழாவுக்குச் சில நாள்கள் முன்பு நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. நான்கு ஓவியங்கள் நியூயார்க்கில் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தன. அவை அருங்காட்சியகத்தின் உடைமையாகப் பதிவாவதற்கு முன் விற்கலாம் என்று மேரிலாந்து நீதிமன்றம் இசைவு தந்திருந்தது. நான்கும் சேர்ந்து 11 கோடியே 41 லட்சம் டாலருக்குப் போயின. ‘1949-ஏ-எண் 1’ என்ற ஓவியம் மட்டுமே 6 கோடியே 17 லட்சம். விற்று வந்த பணம் அருங்காட்சியகத்தின் நிரந்தர நிதிக்குச் சென்றது. எதையும் விற்கக்கூடாது என்றவரின் ஓவியங்களை விற்றுத்தான் அவருடைய வீட்டுக்கு வாழ்வு வந்தது. உயிலுக்குச் செய்த துரோகம் என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நந்தாவிளக்குக் கொடைகள் ஏராளம். சந்திரன் சூரியன் உள்ளவரை ஒரு விளக்கு அணையாமல் எரிய வேண்டும் என்று விரும்பியவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்று கணக்கிட்டுக் கொடுத்தார். ஆடுகளைப் பொறுப்பேற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகும், சாகும். ஆனால் குட்டியீன்று மந்தை குறையாது என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடுகள் என்றார்கள். அதோடு, பிற்காலத்தில் இந்த அறத்தைக் காக்கப்போகிறவரின் பாதங்கள் என் தலைமேல் என்று கொடையாளி கல்லில் வெட்டிவைத்தார். அரசனே ஆனாலும், முகம் தெரியாத, இன்னும் பிறக்காத ஒரு காப்பாளரின் காலடியில் தலையை வைத்தார். கொடுப்பதைவிடக் காப்பது கடினம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டில் விளக்கை வைத்தார், ஆடுகளை வைக்கவில்லை. மோரோவின் செல்வமோ ரூப் என்ற நல்ல மனிதரின் வழியாக நெய்யாயிற்று. டென்வரில் நான்கு ஓவியங்கள் ஆடுகளாயின. எனக்கு அந்த நான்கின் பிரிவு வருத்தம்தான். ஆனால் அழியாத நிபந்தனை விதிக்கிறவர் அழியாத நிதிக்கும் வழி சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போனால், காக்க வந்தவர்கள் எதையாவது இழந்துதான் மற்றதைக் காப்பார்கள்.

அப்படிக் காத்ததில் என்ன கிடைத்தது? டென்வரில் பிராட் க்ளெப்ஃபில் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய இரண்டு தளக் கான்கிரீட் கட்டடம் அடக்கமானது. பக்கத்திலேயே டேனியல் லீபெஸ்கிண்ட் வடிவமைத்த டென்வர் கலை அருங்காட்சியகத்தின் பிரிவு கூர்கூராக வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறது. இதுவோ தரையை ஒட்டி அமர்ந்திருக்கிறது. மேல்தளத்தில் ஒன்பது கூடங்கள். கூரையின் கீழ் துளைகளிட்ட கான்கிரீட் விதானம். அதன் வழியே பகல் வெளிச்சம் சலித்து இறங்குகிறது. மேகம் நகர்ந்தால் ஓவியத்தின் கறுப்பும் மாறுகிறது. ஸ்டிலின் கறுப்பில் பல கறுப்புகள் உண்டு. ஒன்று பளபளக்கும், ஒன்று கரிபோல வெளிச்சத்தைக் குடித்துக்கொள்ளும். அச்சுப் புத்தகத்தில் எல்லாம் ஒரே மையாகத்தான் தெரியும்.

1930களில் அவர் வரைந்த உழவர்களை அங்கே பார்க்கலாம். நீண்டு தொங்கும் கைகள், பெருத்த விரல்கள், ஒட்டிய வயிறு. வறட்சியும் பொருளாதார வீழ்ச்சியும் சேர்ந்து வதைத்த காலம் அது. அடுத்தடுத்த கூடங்களில் அந்த நெடிய உடல்கள் மெல்ல மெல்ல உருவம் இழந்து, செங்குத்தான கிழிசல்களாக, சுடராக மாறுகின்றன. அருவ ஓவியம் என்றாலே ஏதோ வானத்திலிருந்து விழுந்தது என்று நினைக்கிறவர்கள் இந்த வரிசையைப் பார்க்க வேண்டும். பட்டினியோடு நின்ற மனிதனின் முதுகுத்தண்டு அந்தக் கோட்டுக்குள் இருக்கிறது. தம் ஓவியத்தையே தாம் மறுபடி வரையும் பழக்கமும் அவருக்கு உண்டு. மூலமும் மறுவடிவமும் வேறுவேறு ஊர்களுக்குப் போயிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

2022இல் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. ஓவியங்களைத் தேர்ந்தெடுப்பதில் கைக்குழந்தைகள் முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் வரை பங்கேற்றார்கள். வாழ்நாள் முழுக்கக் கடுமையானவர் என்று பெயர் வாங்கிய ஓவியர் அவர். அவருடைய வேலை மொத்தமும் ஒரே இடத்தில் இருந்ததால்தான், எந்த வண்ணத்தின் முன் ஒரு குழந்தை நிற்கிறது என்று கேட்டுப் பார்க்க முடிந்தது. 2016இல் லண்டன் ராயல் அகாடமியின் கண்காட்சிக்கு டென்வரிலிருந்து ஓவியங்கள் போய்த் திரும்பின. அங்கே ரோத்கோவுக்கும் பொல்லாக்குக்கும் நடுவே ஸ்டில் நின்றார். தெகாவின் குறைக்கு அதுவும் ஒரு பதில்தான்: வீடு நிலையாக இருந்தால், விருந்துக்குப் போய்வரலாம்.

நமக்கு நெருங்கிய ஓர் இடத்தைச் சொல்லி முடிக்கிறேன். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வரும் ஆனவர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாகக் காரணமாக இருந்தவர். அவர் பெயரில் ஒரு தனிக்கூடம் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் 1979 முதல் இருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். நகரத் தெருக்களையும் மனிதர்களையும் வரைந்த கை, பின்னாளில் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அங்கே படிப்படியாகப் பார்க்கலாம். எழுத்துபோல இருந்தும் வாசிக்க முடியாத வரிகள், ஜாதகக் கட்டங்கள், கணிதக் குறிகள். சென்னை நுண்கலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இரவு ரயிலேறி அதைப் பார்த்துவர வேண்டும் என்பேன்.

அவரிடம் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று இந்தச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரைநூற்றாண்டாக எவ்வளவோ பேர் வரைந்திருக்கிறார்கள். அவர்களில் பலருடைய கோட்டோவிய ஏடுகள் பரண்மேல் இருக்கின்றன. நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். கட்டடம் வரட்டும், நிதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ரூப் செய்த முதல் வேலைகளில் ஒன்று பட்டியல் போடுவது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் ஊரில் ஓர் ஓவியரின் வீட்டைத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தாரின் அனுமதியோடு போய் உட்காருங்கள். ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண், அளவு, எந்த ஊடகம், பின்புறம் என்ன எழுதியிருக்கிறது, நிலை எப்படி என்று எழுதுங்கள். கிழிந்ததையும் பாதியில் விட்டதையும் சேர்த்தே எழுதுங்கள். கையொப்பம் இல்லாததை ஒதுக்காதீர்கள். எந்தப் படம் எந்த ஆண்டு என்று சொல்லக்கூடிய மனைவியோ சகோதரரோ இன்னும் இருக்கும்போதே போய்விடுங்கள். ஒரு பிரதியைக் குடும்பத்திடம் கொடுங்கள், இன்னொன்றை உங்கள் கல்லூரி நூலகத்தில் வையுங்கள்.